நீரைப் பங்கிட்ட ஊர்

உலகில் பெயர்பெற்ற நகரங்களை எண்ணிப் பார்ப்போமாயின், ஒவ்வொன்றின் பெருமைக்கும் ஒவ்வொரு காரணம் இருப்பது புலனாகும். சில நகரங்கள் அரசர் வீற்றிருந்தமையால் சிறந்தன. சில நல்ல துறைமுகம் வாய்த்தமையால் செழித்தன. வேறு சில வழிபாட்டிடங்களாலும் கல்விச் சாலைகளாலும் புகழ்கொண்டன. சீன தேசத்தின் தென்பகுதியிலே சிங்-ஆன் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே எந்தப் பேரரசனும் அரியணை அமைத்து ஆண்டதில்லை. கடலோ அங்கிருந்து பல நூறு கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. ஆயினும் அவ்வூர் அமைந்துள்ள சிறு நிலப்பகுதி 2,200 ஆண்டுகளுக்கு மேலாகச் சீன வரலாற்றில் நீங்கா இடம் பெற்றிருக்கின்றது. ஓர் ஆற்றின் நீரை இரண்டாகப் பங்கிட்டு, ஒரு பங்கை வடக்கேயும் மற்றொரு பங்கைத் தெற்கேயும் அனுப்பியதே அதன் பெருமைக்குக் காரணம்.

நீரைப் பங்கிடுதல் எளிய செயல் போலத் தோன்றும். ஆனால் எங்கே பங்கிடுவது, எவ்வளவு பங்கிடுவது, பெருவெள்ளம் வந்தால் என் செய்வது, பங்கிட்ட ஏற்பாட்டைத் தலைமுறை தலைமுறையாக எவ்வாறு காப்பது என்னும் வினாக்களுக்கு விடை காண்பது எளிதன்று. சிங்-ஆனின் வரலாறு இவ்வினாக்களுக்கு மனிதர் கண்ட விடைகளின் வரலாறாகும். அவ்விடைகளுள் சில சரியானவை, சில தவறானவை. தவறுகளும் அங்கே எழுதிவைக்கப்பட்டன என்பதே அவ்வரலாற்றின் தனிச் சிறப்பு.

முதலில் ஊரின் இருப்பிடத்தை நோக்குவோம். குவாங்சி சுவாங் தன்னாட்சிப் பிரதேசத்தின் வடகிழக்கு மூலையில், குயிலின் நகரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீற்றர் தொலைவில் சிங்-ஆன் இருக்கின்றது. அதே பெயர் கொண்ட மாவட்டத்துக்கு அதுவே தலைமை ஊராகும். தென் சீனாவை மத்திய சீனாவிலிருந்து பிரித்து நிற்பது நான்லிங் எனப்படும் மலைத்தொடர். கிழக்கிலிருந்து மேற்காக நீளும் இம்மலைகள் ஒரு மதில்போல நின்று, வடக்கே யாங்சி ஆற்றின் பள்ளத்தாக்கையும் தெற்கே முத்து ஆற்றின் பள்ளத்தாக்கையும் வேறுபடுத்துகின்றன. அம்மதிலில் இயற்கை விட்டுவைத்த வாயில்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்றில்தான் சிங்-ஆன் அமைந்துள்ளது.

ஊருக்கு வடமேற்கே யுவெசெங் மலை உயர்ந்து நிற்கின்றது. அதன் கொடுமுடியாகிய மாவோர் மலை 2,141 மீற்றர் உயரமுடையது. குவாங்சி முழுவதிலும் அதனினும் உயர்ந்த சிகரம் இல்லை. தென்கிழக்கே ஹாய்யாங் மலைகள் உள்ளன. இவ்விரண்டுக்கும் நடுவே வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நீண்டு கிடக்கும் தாழ்நிலத்தைச் சியாங்-குயி நடைவழி என்று புவியியலார் அழைப்பர். மாரிக்காலத்தில் வடக்கின் குளிர்காற்று இவ்வழியாகவே தெற்கே புகுகின்றது. போர்ப்படைகளும், வணிகரும், குடிபெயர்ந்த உழவரும், பிற்காலத்தில் புகையிரதமும் இதே வழியைத்தான் நாடின. நிலம் வளமானது, நெல் நன்கு விளைகின்றது. அண்மைக்காலத்தில் திராட்சைப் பயிரும் இம்மாவட்டத்துக்குப் பெயர் தேடித் தந்துள்ளது.

இந்நடைவழியில் இரண்டு ஆறுகள் பாய்கின்றன. ஒன்று சியாங். ஹாய்யாங் மலையில் ஊற்றெடுத்து வரும் ஹாய்யாங் ஆற்றையே மரபாக அதன் தலையாறு எனக் கொள்வர். அது வடக்கு நோக்கி ஓடி, ஹூனான் மாகாணத்தைக் கடந்து, தொங்திங் ஏரியில் கலந்து, அதன் வழியாக யாங்சி ஆற்றைச் சேர்கின்றது. மற்றையது லீ ஆறு. மாவோர் மலையில் பிறந்து தெற்கு நோக்கி ஓடும் அவ்வாறு, குயிலினின் சுண்ணாம்புக்கல் குன்றுகளின் இடையே வளைந்து சென்று, மேலும் பல ஆறுகளோடு கூடி முத்து ஆற்றின் நீராகிக் குவாங்சோவை அடுத்த தென்கடலை அடைகின்றது. ஒன்றின் நீர் வடக்கே போவது. மற்றொன்றின் நீர் தெற்கே போவது. இவை சென்றடையும் முகத்துவாரங்களுக்கு இடைப்பட்ட தூரம் ஆயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்டது. ஆயினும் சிங்-ஆன் அருகிலே, சியாங் ஆற்றுக்கும் லீ ஆற்றில் சேரும் ஒரு சிற்றோடைக்கும் இடையே உள்ள தூரம் இரண்டு கிலோமீற்றருக்கும் குறைவு. குறுக்கே நிற்பதும் ஒரு சிறு குன்றே. இந்தச் சிறிய இடைவெளியே ஊரின் விதியை வகுத்தது.

கி. மு. 221இல் சின் சி ஹுவாங் என்னும் பேரரசன் சீனத்தின் அரசுகளை ஒரு குடைக்கீழ்க் கொண்டுவந்தான். அதன்பின் நான்லிங் மலைகளுக்குத் தெற்கே வாழ்ந்த யுவே மக்களின் நாடுகளையும் வெல்லக் கருதினான். து சுயி என்னும் தளபதியின் தலைமையில் ஐந்து பிரிவுகளாகப் பெரும்படை புறப்பட்டது. அதன் தொகை ஐந்து இலட்சம் என்று ஹுவாய்நான்சி என்னும் பழைய நூல் கூறுகின்றது. ஆனால் யுவே மக்கள் பணியவில்லை. காடுகளுக்குள் ஒதுங்கி, இரவில் வந்து தாக்கினர். து சுயியும் கொல்லப்பட்டான். வடக்கிலிருந்து வந்த படைக்கு எதிரியின் வில்லினும் கொடிய பகை ஒன்றிருந்தது. அது பசி. மலைகளைக் கடந்து தோளிலும் வண்டியிலும் தானியம் கொண்டுவருவது இயலாத காரியமாயிற்று. சுமப்போர் உண்பதற்கே சுமையின் பெரும்பகுதி போய்விடும்.

இந்நிலையிலேதான் வாய்க்கால் வெட்டித் தானியம் கொண்டுவருமாறு லூ என்னும் அதிகாரிக்குக் கட்டளை பிறந்தது. அவரைப்பற்றி நமக்குத் தெரிந்தவை மிகக் குறைவு. லூ என்பது அவர் பெயர். அதற்கு முன் வைத்து வழங்கப்படும் சி என்னும் சொல் அவர் வகித்த பதவியைச் சுட்டுவது என்பர். குடும்பப் பெயர் வரலாற்றில் இல்லை. மண் அள்ளிய படைவீரர்க்கும் கூலியாட்களுக்கும் அந்த ஒற்றைப் பெயர்கூட எஞ்சவில்லை. கி. மு. 214 அளவில் வாய்க்கால் முற்றுப்பெற்றது. அவ்வாண்டிலேயே தெற்கு நாடுகள் பேரரசின் ஆணைக்குட்பட்டு, குயிலின், சியாங், நான்ஹாய் என்னும் மூன்று ஆட்சிப் பிரிவுகளாயின. வாய்க்காலுக்குப் பின்னாளில் லிங்சூ என்னும் பெயர் நிலைத்தது. அற்புத வாய்க்கால் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

அற்புதம் எங்கே இருக்கின்றது என்பதை இனி விளக்குவோம். இரண்டு ஆறுகள் மிக நெருங்கும் இடத்தில் குன்றை வெட்டிவிட்டால் போதுமே என்று ஒருவர் எண்ணக்கூடும். அவ்விடத்தில் சியாங்கின் நீர்மட்டம் தாழ்ந்தும், லீ ஆற்றின் ஓடை உயர்ந்தும் இருந்தன. அங்கே வெட்டியிருந்தால் தெற்கு நீர் வடக்கே பாய்ந்திருக்குமேயன்றி, வடக்கு நீர் தெற்கே வந்திராது. சியாங்கின் நீர்மட்டத்தை உயர்த்த அங்கேயே ஓர் அணை கட்டுவதாயின் அஃது மிக உயரமானதாக இருத்தல் வேண்டும். உயர்ந்த அணையைக் கட்டுவதும் அரிது. வெள்ளத்திலிருந்து காப்பது அதனினும் அரிது. ஆகவே வாய்க்கால் அமைத்தோர் ஆற்றோடு மேற்புறமாகச் சில கிலோமீற்றர் சென்றனர். அங்கே ஆற்றின் படுகையே இயல்பாக உயர்ந்திருந்தமையால், தாழ்ந்த அணை ஒன்றே போதுமாயிருந்தது. வாய்க்காலின் நீளம் கூடிற்று. அணையின் உயரம் குறைந்தது. நீளத்தைக் கொடுத்து உயரத்தைத் தவிர்த்த இந்த அறிவே முழு வேலைக்கும் அடிப்படையாகும்.

அவ்வணை ஆற்றின் குறுக்கே நேர்கோடாகக் கட்டப்படவில்லை. இரண்டு கரைகளிலிருந்தும் சாய்ந்து வரும் இரு கைகள் நடு ஆற்றில் ஒன்றுகூடி, அவற்றின் கூர்முனை நீர்வரும் திசையை நோக்கி நிற்கின்றது. பெரிய கை 344 மீற்றர் நீளமும் சிறிய கை 130 மீற்றர் நீளமும் உடையன. இவற்றைப் பெரிய தியென்பிங், சிறிய தியென்பிங் என்று வழங்குவர். தியென்பிங் என்றால் தராசு. கூர்முனைக்கு முன்னே, ஆற்றின் நடுவில், ஏர்க்கொழுவின் வடிவாக அமைந்த கற்கட்டு ஒன்று நீண்டு கிடக்கின்றது. உழவனுடைய கொழு மண்ணைப் பிளந்து இருபுறமும் தள்ளுவதுபோல, இக்கொழு ஆற்றுநீரைப் பிளந்து இருபுறமும் செலுத்துகின்றது. பெரிய கையை ஒட்டிச் செல்லும் நீர் வடக்கு வாய்க்காலிற் புகுந்து மீண்டும் சியாங் ஆற்றை அடைகின்றது. சிறிய கையை ஒட்டிச் செல்லும் நீர் தெற்கு வாய்க்காலிற் புகுந்து லீ ஆற்றுக்குச் செல்கின்றது. சியாங்கிற்கு ஏழு பங்கு, லீ ஆற்றுக்கு மூன்று பங்கு என்பது பழமையான கணக்கு.

தராசு என்னும் பெயருக்கு வேறொரு பொருத்தமும் உண்டு. இவ்வணை எக்காலத்தும் நீரைத் தடுத்து நிற்க வேண்டும் என்ற நோக்கத்துடன் கட்டப்பட்டதன்று. நீர் குறைந்த காலத்தில் முழுவதையும் இரு வாய்க்கால்களுக்கும் திருப்பிவிடும். நீர் பெருகும் காலத்தில் மிகுதி அணையின் மேலாகவே வழிந்து, சியாங்கின் பழைய படுகையில் விழுந்து போய்விடும். நம் நாட்டுக் குளங்கள் வான்பாய்வதை அறிந்தோர்க்கு இம்முறை எளிதில் விளங்கும். ஈண்டு அணை முழுவதுமே வானாக அமைந்துள்ளது. அன்றியும் தெற்கு வாய்க்காலின் கரையில் வேறு சில கலிங்குகளும் உள்ளன. அணையைக் கடந்து வாய்க்காலுக்குள் வந்துவிட்ட மிகைநீரையும் அவை ஊருக்கு முன்னதாகவே வெளியேற்றிவிடுகின்றன.

வழிந்து விழும் நீர் அணையின் அடியை அரித்துவிடாதா என்று கேட்கலாம். அதற்கும் ஏற்பாடு உண்டு. அணையின் பின்சரிவில் நீண்ட கற்பலகைகள் படுக்கையாக அல்லாமல் நெருக்கமாகச் செங்குத்தாக நாட்டப்பட்டுள்ளன. தோற்றத்தில் மீனின் செதில்களை ஒத்திருப்பதால் அவற்றை மீன்செதிற் கற்கள் என்பர். வெள்ளம் கொண்டுவரும் மணலும் பரலும் கற்களின் இடுக்குகளில் புகுந்து இறுகுகின்றன. ஆகையால் ஒவ்வொரு வெள்ளமும் அணையைத் தளர்த்துவதற்கு மாறாக உறுதிப்படுத்துகின்றது. முகட்டிலுள்ள பெருங்கற்கள் ஒன்றோடொன்று பூட்டுக்கட்டைகளால் பிணைக்கப்பட்டுள்ளன. அடியிலே ஊசியிலைத் தேவதாரு மரத்தின் முளைகள் அறையப்பட்டுள்ளன. எப்பொழுதும் நீருக்குள் இருக்கும் அம்மரம் காற்றுப் படாமையால் உக்குவதில்லை.

இரு வாய்க்கால்களும் சேர்ந்து 36.4 கிலோமீற்றர் நீளமுடையன. அதில் 33 கிலோமீற்றருக்கு மேற்பட்டது தெற்கு வாய்க்கால். அது சிங்-ஆன் ஊரின் நடுவே புகுந்து சென்று, முன்னர்க் கூறிய குன்றை வெட்டிக் கடந்து, ஓடையோடு கலந்து, அகன்று, ரொங்ஜியாங் என்னும் ஊருக்கருகில் மலையிலிருந்து வரும் பேராற்றுடன் சேர்கின்றது. அவ்விடத்திலிருந்தே லீ ஆறு என்னும் பெயர் வழங்குகின்றது. வடக்கு வாய்க்கால் மூன்று கிலோமீற்றருக்குச் சற்றே கூடியது. ஆற்றைச் சேர்வதற்கு அதனினும் குறுகிய நேர்வழி இருந்தும், அது பாம்புபோல நெளிந்து செல்கின்றது. நேராக வெட்டினால் சரிவு மிகுந்து நீர் விரைந்தோடும். தோணி ஏறிவர முடியாது. வளைவுகள் நீரின் வேகத்தைத் தணிக்கின்றன.

வளைவு மட்டும் போதாத இடங்களில் தொமென் என்னும் நீர்க்கதவுகள் அமைந்தன. இரு கரைகளிலிருந்தும் அரைவட்டமான கற்றூண்கள் நெருங்கிவந்து, ஒரு தோணி நுழையும் அளவே இடைவெளி விட்டு நிற்கும். அவ்விடைவெளியின் குறுக்கே மரங்களை இட்டு, முக்காலிகளை நிறுத்தி, அவற்றின்மேல் மூங்கிற் படல்களைச் சாத்தினால் நீர் தேங்கி உயரும். மேலே செல்லும் தோணி ஒரு கதவினுள் நுழைந்ததும் பின்னே கதவை அடைப்பர். நீர் நிறைந்து தோணி உயர்ந்ததும் அடுத்த கதவுக்குச் செல்வர். இவ்வாறு படிப்படியாகத் தோணி மேட்டில் ஏறும். கீழே செல்லும் தோணிக்கு நீரைத் தேக்கிவைத்துப் பின் கதவைத் திறந்துவிடுவர். நீரோடு தோணியும் சறுக்கிச் செல்லும். மலைகளைத் தாண்டித் தோணி செல்வது எங்ஙனம் என்னும் வியப்புக்கு விடை இதுவே.

போருக்காகப் பிறந்த இவ்வாய்க்கால் போர் முடிந்த பின்னரே உண்மையில் பயன் தரத் தொடங்கிற்று. சின் பேரரசு கி. மு. 206இல் வீழ்ந்தது. வாய்க்கால் வீழவில்லை. வடக்கின் பட்டும் இரும்பும் தெற்கே சென்றன. தெற்கின் முத்தும் தானியமும் உப்பும் வடக்கே சென்றன. கி. பி. முதலாம் நூற்றாண்டில் இன்றைய வடவியட்நாம் நோக்கிப் படைநடத்திய மா யுவான் என்னும் தளபதி வாய்க்காலைப் பழுதுபார்த்ததாக மரபு கூறும். எனினும் மண்ணும் மரமும் கல்லுமாக ஆன எந்த அமைப்பும் கவனிப்பாரின்றி நிலைத்திராது. தாங் அரசர் காலத்தில் நிகழ்ந்தவை இதனை நன்கு காட்டுகின்றன.

825இல் அப்பிரதேசத்தின் ஆட்சியாளராக இருந்த லீ பொ என்பவர் சிதைந்துபோன வாய்க்காலைச் செப்பனிட முற்பட்டார். இவர் அதே நூற்றாண்டுக்கு முன் வாழ்ந்த புகழ்பெற்ற கவிஞர் லீ பாய் அல்லர். லீ பொ வகுத்த திட்டம் நல்லது. ஆனால் வேலையை மேற்பார்த்த சிற்றதிகாரிகள் அவருடைய பொதுநல நோக்கத்தைப் பகிர்ந்துகொள்ளவில்லை. அணைக்குக் கல்லுக்குப் பதிலாகச் சுள்ளிக்கட்டுகளைக் கலந்து வைத்தனர். கதவுகளுக்குத் தரமற்ற மரங்களை இட்டனர். சில ஆண்டுகளிலேயே எல்லாம் இடிந்து தூர்ந்துபோயின.

அதன்பின் வந்த துன்பத்தை யூ மெங்வெய் என்னும் பிற்கால ஆட்சியாளர் எழுதிவைத்துள்ளார். நீரில்லாத வாய்க்காலில் அரசாங்கத் தோணி ஒன்று செல்லவேண்டுமாயின், அதனை இழுப்பதற்குப் பத்துக்கு மேற்பட்ட குடும்பங்களைப் பிடித்துவர வேண்டியிருந்தது. விறகு வெட்டப் போனவனும் வயலில் நின்றவனும் இரவு பகல் என்றில்லாமல் பிடிபட்டனர். மக்கள் வானை நோக்கி முறையிட்டனர். பலர் ஊரைவிட்டே ஓடிப்போயினர். ஓர் அணையில் கல்லுக்குப் பதிலாகச் சுள்ளி வைத்தவன் அன்று மிச்சம்பிடித்தது சிறு தொகையாக இருக்கலாம். அதன் விலையைக் கொடுத்தவர்கள் நாற்பது ஆண்டுகளின் பின் அவ்வூரில் வாழ்ந்த ஏழை உழவர்கள். 868இல் யூ மெங்வெய் வேலையை மீண்டும் தொடங்கியபோது, கொழுவைப் பெருங்கற்களால் கட்டினார்; கதவுகளுக்கு வைரம்பாய்ந்த மரங்களைத் தெரிந்தெடுத்தார்; அவற்றின் தொகையைப் பதினெட்டாக்கினார். அதன்பின் தோணிகள் தடையின்றிச் சென்றன.

977இல் சுங் அரசரின் காலத்தில் ஊருக்கு இன்றைய பெயர் வந்தது. அதற்கு முந்திய பெயராகிய சுவான்யி என்பதில் புதிய பேரரசரின் பெயரெழுத்து ஒன்று அமைந்திருந்தது. பேரரசரின் பெயரை மக்கள் வழங்குதல் தகாது என்பது அக்கால மரபு. ஆகவே எழுச்சியும் அமைதியும் என்று பொருள்படும் சிங்-ஆன் என்னும் பெயரைச் சூட்டினர். அதே சுங் காலத்தில், 1058இல், லீ சிசொங் என்பவர் வாய்க்காலுக்குள் துருத்திநின்ற பாறைகளைத் தீமூட்டிச் சூடேற்றி உடைத்து வழியைச் சீர்செய்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் நீர்க்கதவுகளின் தொகை முப்பத்தாறாக இருந்தது.

அத்தொகையைக் குறித்துவைத்தவர் சோ சூஃபெய் என்னும் அறிஞர். குயிலின் பகுதியில் அரசபணி புரிந்து ஊர் திரும்பிய அவரைத் தென்னாட்டுச் செய்திகளைப்பற்றி நண்பர்கள் ஓயாது வினவினராம். ஒவ்வொருவருக்கும் வாயால் விடைகூறுவதற்குப் பதிலாக அவர் 1178இல் ஒரு நூலே எழுதிவிட்டார். மலைகளுக்கு அப்பாலுள்ளவை பற்றிய விடைகள் என்னும் பொருள்படும் அந்த லிங்வாய் தாய்தா என்னும் நூல் தமிழர்க்கும் அறிமுகமாக வேண்டிய ஒன்று. சிங்-ஆனின் நீர்க்கதவுகளில் தோணி ஏறும் வகையை விவரிக்கும் அதே நூல், கடல்கடந்த நாடுகளைக் கூறுமிடத்துச் சோழ நாட்டையும், அதன் போர் யானைகளையும், கொல்லத்துத் துறைமுகத்தையும் விவரிக்கின்றது. சோழ அரசரின் தூதர் 1015இலும், 1033இலும், 1077இலும் சீன அரசவைக்குச் சென்றிருந்தனர். மலைக்குள் இருந்த சிற்றூரின் வாய்க்காலும், தொலைக்கடலின் தமிழரசும் ஒரே ஏட்டில் இடம்பெற்றமை தற்செயல் அன்று. உள்நாட்டு நீர்வழியும் கடல்வழியும் சந்திக்கும் தென்சீனத்தில் இருந்து எழுதியவர்க்கு இரண்டும் அறியவேண்டிய செய்திகளாகவே இருந்தன.

மிங் அரசர் காலத்தில் மற்றொரு பாடம் கற்கப்பட்டது. 1396இல் அரசவையிலிருந்து அனுப்பப்பட்ட யென் சென்சி என்னும் உயர் அதிகாரி வாய்க்காலைத் திருத்தினார். அவர் கவலையற்றவர் அல்லர். வேலையை ஊக்கத்துடனேயே செய்தார். ஆனால் அணையின் மேலாக வீணே வழியும் நீரையும் வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டால் நன்மை மிகுமென்று கருதினார் போலும். மீன்செதிற் கற்களை அகற்றி, அணையை உயர்த்திக் கட்டினார். அடுத்துப் பெருவெள்ளம் வந்தது. வழிந்துபோக இடமில்லாத நீர் கரைகளை உடைத்து வடக்கு வாய்க்காலிற் புகுந்து ஓடிற்று. தெற்கு வாய்க்கால் வற்றித் தோணிகள் தரைதட்டின, வயல்களும் பாழாயின. எட்டு ஆண்டுகளின் பின், 1404இல், அணையைப் பழைய அளவுக்கே தாழ்த்திப் பழைய முறைப்படி கட்டினர். அணை உயரமாக இருந்தால் வலிமை மிகுதி என்று எண்ணுவது இயல்பு. சிங்-ஆனின் அணையோ தாழ்ந்து நிற்பதனாலேயே நிலைத்து நிற்கின்றது. வெள்ளத்துக்கு வழிவிடுவதே அதன் வலிமை.

இத்தகைய நினைவுகளை ஊர் பல வகையிற் போற்றி வைத்துள்ளது. வாய்க்காலின் கரையில் நால்வர் நினைவாலயம் ஒன்று உண்டு. வாய்க்காலை வெட்டிய லூ, பழுதுபார்த்த மா யுவான், லீ பொ, யூ மெங்வெய் ஆகிய நால்வரும் அங்கே போற்றப்படுகின்றனர். அதன் முற்றத்தில் நூற்றாண்டுகள் பல கண்ட மரம் ஒன்று தன் அடியில் நின்ற கல்வெட்டைச் சிறிது சிறிதாக விழுங்கிக் கொண்டிருக்கின்றது. சற்றுத் தொலைவில் மூன்று தளபதிகளின் கல்லறை என்று ஒன்று காட்டப்படும். வாய்க்காலை வெட்டும் பொறுப்பு ஒருவர்பின் ஒருவராக மூவருக்குத் தரப்பட்டதாம். முதலிருவரும் குறித்த காலத்தில் முடிக்காமையால் கொல்லப்பட்டனராம். அவர்கள் வேலையைத் தொடர்ந்து முடித்த மூன்றாமவர், புகழ் தனக்கு மட்டும் உரியதன்று எனக் கருதித் தம்முயிரையும் மாய்த்துக்கொண்டாராம். இது கதையே. ஆயினும் பேரரசின் பெருவேலையை மக்கள் எந்தக் கண்ணால் நோக்கினர் என்பதை இக்கதை வரலாற்று நூலினும் தெளிவாகக் காட்டுகின்றது. குயிலின் பகுதியின் பெயர்பெற்ற அரிசி நூடில்ஸ் உணவும், கோதுமை உணவுக்கு ஏங்கிய வடநாட்டுப் படைவீரர் இவ்வாய்க்காலை வெட்டிய காலத்தில் அரிசிமாவால் செய்துண்டதிலிருந்தே பிறந்தது என்று கதை சொல்வர்.

படைகள் செல்லும் வழி என்பதால் சிங்-ஆன் அண்மைக்காலத்திலும் பெருந்துயர் ஒன்றைக் கண்டது. 1934இன் இறுதியில், நெடும்பயணம் மேற்கொண்ட செம்படை மேற்கு நோக்கிச் செல்லும்போது சியாங் ஆற்றைக் கடக்க நேர்ந்தது. அவர்கள் கடந்த துறைகளுள் ஒன்று சிங்-ஆன் மாவட்டத்தைச் சேர்ந்த ஜியெசோ. நவம்பர் முடிவில் தொடங்கி டிசம்பர் முதலாம் நாள்வரை ஆற்றின் இரு கரைகளிலும் கடும்போர் நடந்தது. புறப்பட்டபோது ஏறத்தாழ 86,000 பேரைக் கொண்டிருந்த படையில், ஆற்றைக் கடந்தபின் எஞ்சியோர் 30,000க்குச் சற்று மேற்பட்டவரே. அதன்பின் பல ஆண்டுகள் அவ்வாற்று நீரைப் பருகவும், அதில் பிடித்த மீனை உண்ணவும் கரைவாழ் மக்கள் மனம் ஒப்பவில்லை என்று கூறுவர்.

நான்கே ஆண்டுகளின் பின், 1938இல், ஹூனானையும் குவாங்சியையும் இணைக்கும் புகையிரதப் பாதை குயிலின் வரை வந்தது. மலைகளின் நடுவே இயற்கை விட்டுவைத்த அதே வாயிலில் இரும்புப் பாதையும் புகுந்தது. தோணி பல நாட்களில் செய்த பயணத்தைப் புகையிரதம் சில மணி நேரத்தில் செய்தது. நீர்க்கதவுகளில் படல் சாத்தியவர்களும், கயிறு பிடித்துத் தோணி இழுத்தவர்களும் வேலை இழந்தனர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் வாய்க்காலில் சரக்குத் தோணிகள் செல்வது முற்றாக நின்றது. 2013இல் அதிவேகப் புகையிரதமும் அவ்வழியே ஓடத் தொடங்கிற்று.

தோணிகள் நின்றபின் வாய்க்கால் தூர்ந்து மறைந்திருக்க வேண்டும். அவ்வாறு நேரவில்லை. ஏனெனில் தோணிகள் சென்ற காலத்திலேயே வாய்க்காலின் கரையோரத்து வயல்களும் அந்நீரைக் குடித்து வாழ்ந்தன. வணிகருக்குத் தேவையற்றுப்போன நீர் உழவருக்குத் தேவையாகவே இருந்தது. அதனால் அணையின் கல் பெயர்ந்தால் திரும்ப வைப்பதற்கும், கரை இடிந்தால் கட்டுவதற்கும் ஆட்கள் இருந்தனர். இன்றும் பல்லாயிரம் ஏக்கர் நிலம் லிங்சூவின் நீரைப் பெறுகின்றது. 1988இல் சீன அரசாங்கம் வாய்க்காலைத் தேசியப் பாதுகாப்புக்குரிய பழம்பொருட்களில் ஒன்றாகச் சேர்த்தது. 2018இல் சர்வதேச நீர்ப்பாசன, வடிகால் ஆணைக்குழு அதனை உலக நீர்ப்பாசன மரபுச் செல்வங்களின் பட்டியலில் ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்காகக் கட்டப்பட்ட வாய்க்கால் நீர்ப்பாசனத்துக்காக மதிக்கப்பெற்றமை கருதத்தக்கது.

இன்று சிங்-ஆனுக்குச் செல்வோர் ஊரின் நடுவே கல்லாற் கரைகட்டிய ஒடுங்கிய வாய்க்கால் ஒன்று அமைதியாக ஓடுவதையும், அதன்மேல் பழைய வளைவுப் பாலங்கள் நிற்பதையும் காண்பர். பெருஞ்சுவரைக் கண்டு வியப்பதுபோல அதைக் கண்டு வியப்பதற்கு ஒன்றுமில்லை. சுவரைக் கட்டுவித்த அதே பேரரசனின் காலத்து வேலைதான் இதுவும். சுவர் மனிதரைப் பிரிப்பதற்காக எழுந்தது. வாய்க்காலும் மனிதரை வெல்வதற்காகவே வெட்டப்பட்டது. ஆனால் அதனூடே ஓடிய நீர், வென்றவர் வயல் என்றும் தோற்றவர் வயல் என்றும் வேறுபாடு காணவில்லை. நாளடைவில் இருசாராரும் அதே வாய்க்காலின் கரையில் அயலவராயினர்.

ஒரு பெருவேலையைத் தொடங்கிவைப்பவர் பெயர் கல்லில் நிற்கும். அதனை நாள்தோறும் காப்பவர் பெயர் நிற்பதில்லை. ஆயினும் சிங்-ஆனின் அணையில் முதன்முதல் வைக்கப்பட்ட கற்களுள் எத்தனை எஞ்சியுள்ளன என்று எவராலும் கூறவியலாது. நூற்றாண்டுதோறும் பெயர்ந்தவை பெயர, புதியவை அவ்விடத்தில் வைக்கப்பட்டே அணை இன்றளவும் இருக்கின்றது. நிலைத்து நின்றது கல்லன்று. சரியான அளவும், அதனைக் கைவிடாத மக்களின் முயற்சியுமே. ஏழு பங்கு வடக்கே, மூன்று பங்கு தெற்கே என்று நீர் இன்றும் பிரிந்து சென்று கொண்டிருக்கின்றது.